நான்கு விரற்கடை

"போன வாரம் வாங்கினதும் தொலைஞ்சுபோச்சா, சார்?" என்று கேட்டார் கத்திக்கடைக்காரர்.

"தொலையலை. வாங்கி வச்சுக்கிட்டாங்க," என்றார் பிழைதிருத்துநர்.

அச்சகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பிறர் எழுத்தில் பிழை பொறுக்கி ஓய்ந்தவர் அவர். மனைவி கண்மூடிய பிறகு, வீட்டில் அவருக்குப் பேச்சுத்துணை ஒழுகும் குழாய் ஒன்றுதான்.

கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியின் மேல் நீலத் துணி விரித்து, மடக்குக் கத்திகளை அடுக்கினார்.

"சட்டைப்பையில வச்சுக்கறதுக்குன்னா இதைத்தான் சொல்வேன். பிளாஸ்டிக் பிடி. இறகு மாதிரி இருக்கும். ஒரு கையாலேயே திறந்துடலாம். விலையும் கையைக் கடிக்காது."

"பிளாஸ்டிக் வேண்டாம். முழுக்க இரும்பா இருக்கணும்."

"கனக்குமே?"

"கனக்கட்டும்."

அவர் நான்கு விரல்களைச் சேர்த்து ஒவ்வோர் அலகின் அருகிலும் வைத்துப் பார்த்தார். எதுவும் விரல்களைத் தாண்டவில்லை.

"இன்னும் கொஞ்சம் நீளமா இருக்கா?"

"பழம் நறுக்கவா, ஆளை நறுக்கவா?" என்று சிரித்த கடைக்காரர், அவர் சிரிக்காததைக் கண்டு துணியின் ஓரத்தைப் பிடித்து மடிக்கத் தொடங்கினார். "தப்பா எடுத்துக்காதீங்க. நாலு வாரத்துல நாலு கத்தி. தனியா இருக்கற மனுஷர். கூர் எப்படி இருந்தாலும் சரிங்கறீங்க. கூர் பார்க்காமக் கத்தி வாங்கற ஆளை நான் இப்பத்தான் பார்க்கறேன். எதுக்குன்னு சொல்லுங்க. இல்லேன்னா வியாபாரம் வேண்டாம்."

பிழைதிருத்துநர் கடைச் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தார். இன்று செவ்வாய். இன்றைக்குத் தவறினால் இன்னும் ஏழு நாள் காத்திருக்க வேண்டும்.

"பெரிய நூலகம் இருக்குல்ல, அங்க வாசல்ல சோதனை போடறாங்க," என்று மெல்லத் தொடங்கினார். "வெறுங்கையோட போனா, கையை ஆட்டி உள்ள அனுப்பிடறாங்க. முகத்தைக்கூடப் பார்க்கறதில்ல. சின்னக் கத்தி இருந்தா, 'இதை வச்சுட்டுப் போங்க'ன்னு மூணு வார்த்தை. நாலு வாரமா அந்த மூணு வார்த்தைதான்."

"பெரிசா இருந்தா?"

"விதிகளைச் சுவத்துல ஒட்டியிருக்காங்க. யாரும் படிக்கறதில்ல, நான் படிச்சேன். அலகு எட்டு சென்டிமீட்டருக்கு மேல, நாலு விரல்னு வச்சுக்கங்க, இருந்தா உக்கார வச்சுப் படிவம் எழுதணும். பத்தைத் தாண்டினா போலீஸ்."

"எழுதினா உங்களுக்கு என்ன வரும்?"

"ஏழு கேள்வி இருக்கு. ஒண்ணு விடாமக் கேட்டாகணும்."

கடைக்காரருக்குச் சிரிப்பு பாதி வந்து, பாதியில் நின்றது.

"பேச்சுக்குத்தானா சார் இவ்வளவு பாடு? பேசாம இங்க வந்து உக்காருங்க. நான் ஏழென்ன, எழுபது கேக்கறேன். கத்திகூட வாங்க வேண்டாம்."

"கேப்பீங்க. தெரியும்," என்றார் பிழைதிருத்துநர். ஆனால் கண் கத்தியைவிட்டு அகலவில்லை.

கடைக்காரர் அலமாரியின் அடித்தட்டைத் துழாவி, மழுங்கிய இரும்புக் கத்தி ஒன்றை எடுத்துத் துடைத்தார். அலகு நான்கு விரலைத் தாண்டி ஒரு நூலளவு நீண்டிருந்தது. "ரெண்டு வருஷமா எவனும் தொடலை. பாதி விலை கொடுங்க, போதும்."

நூலக வாசலில் மூன்று வரிசைகள். இரண்டில் கூட்டமே இல்லை. பிழைதிருத்துநர் நீண்டு கிடந்த மூன்றாவதில் போய் நின்றார், நடை திறக்கக் காத்திருக்கும் அடியவரைப் போல நெஞ்சருகே கைகளைச் சேர்த்துக்கொண்டு.

அவர் நுழைந்ததும், உலோகம் கண்டால் ஒலிக்கும் சோதனை வளைவு கூவியது. காவலர் கத்தியை வாங்கி விரித்து, அளவுகோலில் வைத்தார். எட்டரை. ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க."

பெயரைக் கேட்டார். வயதைக் கேட்டார். முகவரியும் தொழிலும் கேட்டார். பிழைதிருத்துநர் ஒவ்வொரு விடையையும் இழுக்க முடிந்த மட்டும் இழுத்துச் சொன்னார்.

"உடம்புக்கு ஏதாவது?"

"முழங்கால் வலி. மாடிப்படி ஏற முடியலை. சாப்பாடும் முன்ன மாதிரி இறங்கறதில்ல. அப்புறம்..."

"உண்டு, இல்லைன்னு சொன்னாப் போதும். இதுல அவ்வளவுதான் இடம்."

"உண்டு."

"கத்தி எதுக்கு?"

"ஆப்பிள் நறுக்க."

"ஆப்பிள் எங்க?"

"வாங்க மறந்துட்டேன்."

காவலரின் உதட்டோரம் சற்றே அசைந்து அடங்கியது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்; "அவருக்கென்ன, பொழுது போகணும்" என்றது ஒரு குரல். ஆறு கேள்விகள் தீர்ந்துவிட்டன. பிழைதிருத்துநர் முக்காலியின் விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டார்.

"கடைசிக் கேள்வி. அவசரம்னா தகவல் சொல்ல வேண்டிய நெருங்கின உறவு?"

"ஒரே மகன். ஆறு வருஷமாப் பேச்சு இல்ல."

"பேச்சு இருக்கா இல்லையான்னு படிவத்துல கேக்கலை." காவலர் எழுதுகோலைத் தாளில் ஊன்றிக் குனிந்தபடியே இருந்தார். "பேரு?"

"நீயே எழுதிக்கப்பா," என்றார் பிழைதிருத்துநர். "நான் உனக்கு வச்ச பேர்தானே."