கால்வாய்க்குள் அக்கா

கால்வாய்க்கரையில் தங்கை கேமராவைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறாள். இன்றைக்குத்தான் வந்தாள், கையுறையில் பொட்டு அழுக்கில்லை. ஏழு மாதமாகப் பள்ளி விட்டதும் வந்து பிளாஸ்டிக் அள்ளிய அக்கா, முழங்கால் தண்ணீரில் மூட்டையோடு நிற்கிறாள். "கொஞ்சம் தள்ளிக்கம்மா, மறைக்குது" என்கிறார் கேமராக்காரர். மெல்ல நகர்கிறாள். காலை வெயிலில் தண்ணீர் அடிவரை தெளிந்து கிடக்கிறது. அவள் கெண்டைக்காலை விரல்நீள மீன்கள் நாலைந்து கொத்துகின்றன. இந்தக் கால்வாயில் அவள் பார்க்கும் முதல் மீன்கள். "மீனெல்லாம் திரும்ப வந்திருக்கா?" என்று நிருபர் கேட்க, தங்கை இவள் பக்கம் குரல் கொடுக்கிறாள். "அக்கா, நீ ஏதாவது பாத்தியா?" "எங்கடி, ஒண்ணையும் காணோமே" என்றபடி அக்கா குதிகாலைச் சேற்றுக்குள் திருகுகிறாள். தண்ணீர் கலங்குகிறது. மீன்கள் போகவில்லை, கொத்திக்கொண்டேயிருக்கின்றன.