தம்பியின் மனு

"தள்ளுபடியா? எதைத் தள்ளுபடி பண்றீங்க? பேப்பரையா, ஆளையா?"

பழைய மெஷின் வியாபாரி கவுண்டர் பலகையில் ஓங்கி அறைந்தார். கண்ணாடிக்குப் பின்னால் பேனா ஸ்டாண்ட் ஒரு துள்ளுத் துள்ளி நின்றது.

"சத்தம் போடாதீங்க சார்," என்றார் கிளார்க் அம்மா.

"போடுவேன். அதுக்குத்தான் பொண்ணு கல்யாண அலைச்சலுக்கு நடுவுல கடையைப் பூட்டிட்டு வந்திருக்கேன்."

பின்னால் பெஞ்சில் அவர் தம்பி உட்கார்ந்திருந்தான். முப்பத்தாறு வயது. கழுத்து வரை பொத்தான் போட்ட சட்டை. கை இரண்டும் முழங்கால் மேல். பன்னிரண்டு வருஷமாக மனச்சிதைவு. மாத்திரை நின்றால் மூன்றாம் நாளே சுவரோடு சண்டைக்குப் போவான். அரசு உதவி கிடைத்தால் மாத்திரை தடையில்லாமல் வரும்; பகலில் பார்த்துக்கொள்ளும் மையத்தில் ஓர் இடமும் கிடைக்கும். மேல்முறையீட்டுக்கு இன்றுதான் கடைசி நாள்.

"முதல் தடவை வந்தப்போ என்ன சொன்னீங்க? கை கால் நல்லாத்தானே இருக்குன்னீங்க. ஏம்மா, மூளைக்கு மாவுக்கட்டுப் போட்டுக் கூட்டிட்டு வரணுமா?"

வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். வியாபாரிக்கு உற்சாகம் ஏறியது. வாயை மட்டுமே முதலாகப் போட்டு மேலே வந்தவர். நாலு பேர் சிரித்துவிட்டால் பாதி பேரம் முடிந்த மாதிரி.

"ரெண்டாவது தடவை, டாக்டர் சீல் சரியா விழலைன்னீங்க. அந்த வட்டத்துக்காக ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு நாள் பூரா காஞ்சேன். இப்ப என்ன குறை?"

"டாக்டர் பேப்பர் எல்லாம் சரியா இருக்கு."

"அப்புறம் எது கோணல்?"

"வீட்டு விசாரணை."

"எவன் வந்தான் விசாரிக்க? எங்க வீட்டுப் படியை எவனும் மிதிக்கல. ஃபேன் காத்துல உட்கார்ந்து நீங்களே எழுதிக்கிட்டது!"

"எங்க கேஸும் இப்படித்தாங்க போச்சு," என்றாள் வரிசையில் ஒரு பெண்.

"கேட்டீங்களா? ரத்தமும் சதையுமா ஒருத்தன் கண்ணு முன்னாடி உட்கார்ந்திருக்கான். அவன் இருக்கான்னு ஒத்துக்கறதுல உங்களுக்கு என்னம்மா கஷ்டம்?"

கிளார்க் அம்மா ஃபைலைப் புரட்டி ஒரு தாளில் விரல் வைத்தார்.

"போன மாசம் பதினாலாம் தேதி, காலை பதினொன்றரை. எங்க ஆபீசர் எழுதியிருக்கார். 'மனுதாரர் பெயரைச் சொல்லி விசாரித்தேன். கதவைத் திறந்தவர், அப்படி யாரும் இந்த வீட்டில் இல்லை என்றார். இரண்டாம் முறை கேட்டும் அதையே சொன்னார்.' இல்லாத ஆளுக்கு நான் என்ன சார் எழுதறது?"

வியாபாரி கண்ணாடியில் முகத்தை ஒட்டி அந்தத் தாளை எட்டிப் பார்த்தார்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல," என்றார் கிளார்க் அம்மா. "இவர் அந்த வீட்டுலதான் இருக்கார்னு பக்கத்து வீட்டுக்காரங்க ரெண்டு பேர் கையெழுத்துப் போட்டா போதும். அஞ்சு மணி வரைக்கும் வாங்கிக்கறேன்."

"பக்கத்து வீடா?" குரல் ஒரு படி இறங்கியது. "அவங்கல்லாம் எதுக்கும்மா? அவங்க என்ன டாக்டரா? வேற வழி ஏதாவது பாருங்க."

"வேற வழி இல்லை சார். ரெண்டே கையெழுத்து."

இறங்கிய குரல் சட்டென்று உச்சிக்குப் போனது.

"அதை விடுங்க! அப்படி யாரும் இல்லைன்னு சொன்னவன் எவன்? அதைச் சொல்லுங்க முதல்ல. மாடியில குடியிருக்கானே, அவனாத்தான் இருக்கும். என் கூடப் பிறந்தவனை உயிரோட இருக்கும்போதே இல்லைங்கறான்னா அவனெல்லாம் மனுஷனா? நாக்கை இழுத்து வெச்சு அறுக்கறேன்!"

வரிசை முழுக்க அவர் பக்கம் தலையாட்டியது.

யாரோ அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பினார். தம்பி எழுந்து வந்திருந்தான். பாராட்டை எதிர்பார்க்கும் முகம்.

"நான்தாண்ணா சொன்னேன். பாப்பாவுக்குக் கல்யாணம் முடியற வரைக்கும், யார் வந்து கேட்டாலும் அப்படித்தானே சொல்லச் சொன்னே? சரியாச் சொன்னேன்ல?"