பதினேழாவது அடி

"காலைத் தூக்கி வை மாப்ள! தரையைக் கூட்டுற மாதிரி இழுக்காத!" என்று கத்தினான் காதர் மைதீன்.

"தூக்கித்தான்யா வைக்கிறேன்."

"எங்க தூக்குற? அவங்க வர இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கு. யல்லா, மறுபடி முதல்லேருந்து!"

புஜைரா கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை வெயில் இன்னும் தணியவில்லை. தூரத்தில் எண்ணெய்க் கப்பல்கள் வரிசையாக நின்றன. அம்மையப்பன் பனியனால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தான்.

வெள்ளைக் கொக்கு என்கிற சீனச் சண்டைக்கலை. அதன் முதல் வரிசையில் முப்பத்தாறு அடிகள். பதினேழாவது அடியில் திரும்பும்போது அம்மையப்பனின் இடது கால் தரையோடு உரசும். எட்டு வருஷமாக அப்படித்தான். அவனுக்கு அது தெரியாமலே இருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால்தான் காதர் மைதீன் அதைக் கண்டுபிடித்தான்.

கம்பெனி வேன் ஓட்டும் காதர் மைதீன் அவனுடைய அறைத்தோழன். சீனாக்காரர் ஒருவர் இதே வரிசையைச் செய்யும் வீடியோவைப் போனில் தேடிப் பிடித்து, "இந்தாளு காலைப் பாரு, பூ மாதிரி எழும்புது. நீ சிமெண்டு மூட்டைல்ல இழுக்குற?" என்று காட்டினான். அன்றிலிருந்து அம்மையப்பனுக்குத் தூக்கம் போயிற்று.

"ஷிஃபு ஒரு நாளும் இதைத் தப்புன்னு சொல்லலையே."

"அவரு எதைத்தான் சொன்னாரு? உனக்கு அவரு பாஷை தெரியாது, அவருக்கு உன் பாஷை தெரியாது. 'அச்சா', 'ஜல்தி' ரெண்டையும் வச்சே ஏழு வருஷத்தை ஓட்டிட்டீங்க."

அது உண்மைதான். துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக்காக இருந்த சீனர்தான் அவனுடைய குரு, ஷிஃபு. விடுமுறை நாளில் சேஃப்டி ஷூவோடு கடற்கரைக்கு வருவார். அவர் முன்னால் நின்று செய்வார். அம்மையப்பன் பின்னால் நின்று செய்வான். பாடம் அவ்வளவுதான். போன வருஷம் ஒரு நாள் அவர் கேம்ப்பில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

அம்மையப்பனுக்கு இந்த மாதத்தோடு கான்ட்ராக்ட் முடிகிறது. சாரம் கட்டும் வேலைக்கு ஆள் போதும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. குவைத்தில், ஃபஹாஹீலில், ஜிம் வைத்திருக்கும் ஒருவர் மாஸ்டர் வேலையும் விசாவும் தரத் தயார். ஒரே நிபந்தனை: அவன் யாருடைய சீடன் என்பதற்கு அத்தாட்சி வேண்டும். சீனாவில் உள்ள சங்கத்தில் குரு, சீடன் வரிசையை எழுதிவைக்கும் பெயர்ப்புத்தகம் ஒன்று உண்டு. அதில் பெயர் ஏற வேண்டும்.

ஷிஃபுவோடு எடுத்துக்கொண்ட படத்தைச் சங்கத்துக்கு அனுப்பியிருந்தான். படம் சாட்சி ஆகாது, நேரில் செய்து காட்டவேண்டும் என்று பதில் வந்தது. துபாய் வரும் மேடம் லின் என்பவர் பார்த்துவிட்டு முடிவு சொல்வாராம்.

"காலு கனக்குது மாப்ள."

"கனக்கட்டும். ஆனா தூக்கு!"

டாக்சியிலிருந்து மேடம் லின் இறங்கினார். ஐம்பது வயதிருக்கும். சிவப்புத் துணியில் சுற்றிய புத்தகத்தை மார்போடு அணைத்திருந்தார். பேரைக் கேட்கவில்லை, விசாரிக்கவில்லை. ஆங்கிலத்தில் ஒரே வார்த்தை சொன்னார்.

"ஆரம்பிக்கலாமாம்" என்றான் காதர் மைதீன்.

அம்மையப்பன் ஆரம்பித்தான். பதினேழாவது அடியில் மூச்சைப் பிடித்துக் காலைத் தூக்கினான். கால் பூ மாதிரியே எழும்பியது. காதர் மைதீன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

முப்பத்தாறும் முடிந்தது. மேடம் லின் கிட்டே வந்து, அவன் திரும்பிய இடத்தில் குனிந்து மணலைப் பார்த்தார். பிறகு ஏதோ சொன்னார்.

"இன்னொரு தடவையாம். எதையும் யோசிக்காம செய்யணுமாம்."

யோசிக்காமல் எப்படி? விசா, ஃபஹாஹீல், வீடு எல்லாம் அந்த ஒரு காலில் தொங்கின. போன தடவையைவிட உயரமாகத் தூக்கினான்.

மேடம் லின் மறுபடியும் குனிந்து தேடினார். நிமிர்ந்தபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன. புத்தகத்தைப் பிரிக்கவில்லை, அவிழ்ந்திருந்த துணியை இறுக்கி முடிந்துகொண்டு, இரண்டு வாக்கியம் பேசினார்.

"ரொம்பச் சுத்தமா இருக்காம் மாப்ள! அவங்க ஊர்லயே இப்படி யாரும் செய்ய மாட்டாங்களாம்!"

"பெறகு ஏன்யா புத்தகத்தைக் கட்டுறாங்க?"

காதர் மைதீன் கேட்டான். அவர் மணலைக் காட்டி நிறுத்தி நிறுத்திப் பதில் சொன்னார். கேட்கக் கேட்கக் காதர் மைதீனின் முகம் செத்துப்போனது.

"என்ன சொல்றாங்க?"

காதர் மைதீன் சட்டைப் பையில் வேன் சாவியைத் தேடினான்.

"சொல்லித் தொலைய்யா!"

"நீ அவருகிட்டப் படிச்சவன் இல்லியாம்" என்றான் காதர் மைதீன், தலையைக் குனிந்தபடியே. "உன் ஷிஃபு இவங்களைப் பெத்த அத்தாவாம். சின்ன வயசுல மெஷின்ல மாட்டி அவருக்கு இடது கால்ல மூணு விரல் போயிருச்சாம். அவருக்குப் பின்னால நின்னு பழகுனவங்க யாரா இருந்தாலும் பதினேழாவது அடியில காலு இழுக்குமாம்... இவங்களுக்கே இன்னும் இழுக்குதாம்."