படத்தில் பார்த்த மலை

"வயிறு சரியில்லப்பா. மலைக்கு அடுத்த வாரம் பார்க்கலாம்" என்றார் பச்சியப்பன், தருமபுரிச் சத்திரத்தில் படுத்தபடியே.

அம்மை குத்துவதற்காகச் சேலத்திலிருந்து வந்திருந்தவர். அவரை வத்தல்மலைக்கு அழைத்துப்போக அந்த ஊர்க்காரன் காளியன் முந்தின நாளே இறங்கி வந்திருந்தான். வந்த மனிதரைச் சும்மா உட்கார வைக்கலாமா என்று சாயங்காலம் டெண்டுக் கொட்டகைக்குக் கூட்டிப்போனவனும் அவன்தான்.

வினை அங்கேதான் பிடித்தது.

படத்தில் மலைக்காரர்கள் வந்தார்கள். உடம்பெல்லாம் கரி, இடுப்பில் தழை, மூக்கில் எலும்பு. வழி தப்பி வந்த பட்டணத்துக்காரரைக் கம்பில் கட்டித் தூக்கிப்போய், அண்டாவில் உட்கார வைத்து, அடியில் தீ மூட்டினார்கள். கொட்டகையே சிரித்தது. காளியனும் சிரித்தான். பச்சியப்பன் மட்டும் சிரிக்கவில்லை.

"வயிறுதானுங்களா? இல்ல, நேத்துப் பாத்த படமுங்களா?"

"சேச்சே. படிச்சவன் நான்." அவன் பக்கம் திரும்பிப் படுத்து, "ஏம்ப்பா, உங்க ஊர்ல அண்டா இருக்கா?" என்றார்.

"இருக்குதுங்க. மாரியம்மன் பண்டிகைக்குக் கூழு காச்ச."

"எவ்வளவு பெருசு?"

"காலை மடக்கினா நீங்க உக்காரலாமுங்க."

பச்சியப்பன் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டார்.

"வெளையாட்டுக்குச் சொன்னேனுங்க" என்றான் காளியன். குரல் இறங்கியிருந்தது. "அடிவாரத்துல ரெண்டு வூட்டுல அம்மை போட்டிருக்குது. அது மேல ஏற எத்தனை நாளாவும்? எம்மவ சின்னப் புள்ளைங்க."

பச்சியப்பன் போர்வையை விலக்கினார். எழுந்து, அம்மை குத்தும் சாமான்களைப் பெட்டியில் அடுக்கினார்.

"கரி பூசிக்கிட்டு நாலு பேர் ஆடினதைப் பார்த்துட்டு உங்க சனத்தையே தப்பா நெனச்சுட்டேன். மனசுல வெச்சுக்காதே."

"அத வுடுங்க. மேல போனதும் எனக்காக ஒண்ணு செய்யோணும். எல்லாரு முன்னாடியும் எங்க சாமைச் சோத்துல ஒரு வாய் தின்னுடுங்க."

"அதுக்கென்ன, சாப்பிட்டாப் போச்சு. விருந்தாளிக்கு அப்படியொரு வழக்கமா?"

"வழக்கமெல்லாம் இல்லீங்க." காளியன் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டான். "புள்ளைங்க ரத்தத்த உறிஞ்ச ஒருத்தன் வர்றான்னு பாதி சனம் காட்டுக்குள்ள பூந்துக்கிச்சு. நீங்களும் சோறு திங்கற மனுசன்தான்னு கண்ணால பாத்தாத்தான் வெளிய வருவாங்க."