பாதியில் நின்ற புகார்

“ஏனுங்கம்மணி, பேரே போடாம வந்த புகாரை யாரு எழுதினாங்கன்னு கண்டுபிடிக்க முடியுங்களா?”

வால்பாறை எஸ்டேட் மேனேஜர் அரங்கசாமி, ஹாரிகாவைத் தேடிக் காந்திபுரம் அலுவலகத்துக்கே வந்து கேட்டார். எஸ்டேட்டின் இணையதளத்தையும் அதிலுள்ள புகார்ப் பக்கத்தையும் செய்தவள் அவள்தான்.

அவர் காட்டிய புகார் பாதியில் நின்றிருந்தது. ‘மரியஅந்தோணி பாறையில் வழுக்கிச் சாகவில்லை. அவரைத் தள்ளிவிட்டது...’

“எழுதினவங்களைப் பிடிச்சாத்தானுங்க மிச்சத்தைக் கேட்க முடியும்? பாவம், எங்க எஸ்டேட்டுல வேலை செஞ்சவன்; அவன் சம்சாரம் அழுதுட்டே கெடக்குது.”

ஹாரிகா பதிவைத் திறந்து பார்த்தாள். “பேரு தெரியாதுங்க. ஆனா ரொம்பப் பழைய பிரவுசர்ல இருந்து வந்திருக்குது. அதுல நம்ம பக்கமே கோணல்மாணலாத்தான் தெரியும். பக்கத்தை ஓட்டற ஜாவாஸ்கிரிப்ட் நிரலும் பாதியில நின்னுபோச்சு. அதான் உங்களுக்கு முழுசா வரலீங்க.”

“எவ்வளவு பழசுங்க?”

“பத்து வருசத்துக்கு மேல இருக்கும். இப்பெல்லாம் அதை யாருங்க வெச்சிருக்கறாங்க?”

“எங்க எஸ்டேட் ஆஸ்பத்திரியில ஒண்ணு கெடக்குது. நர்சம்மா விமலாராணி மட்டுந்தான் அதைத் தொடும்.” அரங்கசாமி சிரித்தார். “கெட்டிக்காரி அம்மணி நீங்க.”

பாராட்டில் ஹாரிகாவுக்கு உற்சாகம் வந்தது. “மிச்சம் நம்ம சர்வர்லயே தங்கியிருக்குதுங்க. இருங்க, எடுத்துத் தாரேன்.”

“இது போதுங்க...”

அதற்குள் வரி முழுதாகத் திரையில் வந்துவிட்டது.

‘அவரைத் தள்ளிவிட்டது நம் மேனேஜர்தான். நான் கண்ணால் பார்த்தேன்.’

ஹாரிகா மெல்லத் திரும்பினாள்.

அரங்கசாமி மேசையிலிருந்த தன் கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.