வெள்ளை வந்தால் எம்.காம்.

"ரெண்டு பொட்டலத்தையும் நானே கட்டிக்கினு வந்துட்டேன். ஒண்ணுல வெள்ளரளி, ஒண்ணுல செவ்வரளி. வெள்ளை வந்தா எம்.காம்., செவப்பு வந்தா எம்.பி.ஏ. முருகன் சொல்றதுதான் முடிவு. அப்புறம் யாரும் வாயத் தொறக்கக் கூடாது."

வல்லக்கோட்டைக் கோயில் வாசலில் மொபெட்டை நிறுத்திய கையோடு கோதண்டம் மாமா அறிவித்தார்.

சரோஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பி.காமில் மார்க் வாங்கியது அவள். இரண்டு படிப்புக்கும் மெட்ராஸில் இடம் கிடைத்திருப்பது அவளுக்கு. பொட்டலம் கட்டுவது மட்டும் மாமாவா?

"எங்க முன்னால கட்டியிருக்கலாமே மாமா?"

"ஏன், எம்மேல சந்தேகமா?"

அம்மா கனகம் அவள் கையைக் கிள்ளினாள். அப்பா போனதிலிருந்து அந்த வீட்டுக்குத் துணை அம்மாவின் அண்ணனான இந்த மாமாதான். அவரை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை.

சந்தேகம் என்ன சந்தேகம்? நிச்சயமே பண்ணிவிட்டாள். இரண்டிலும் சிவப்பைத்தான் வைத்துக் கட்டியிருப்பார்.

பின்னே? ஸ்ரீபெரும்புதூரில் தான் வேலை பார்க்கும் கம்பெனி மேனேஜரிடம், "என் தங்கச்சி பொண்ணு எம்.பி.ஏ. படிக்கப் போவுது சார், முடிச்சதும் நம்ம ஆபீஸ்தான்" என்று வாக்குக் கொடுத்தாகிவிட்டது. ஒரகடம் டீக்கடையில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லியாகிவிட்டது. மாமா சொன்ன சொல்லை மாற்றிக்கொண்டதாகச் சரித்திரமே கிடையாது. தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டால்கூட, "எனக்கு அங்கதான் வேலை" என்று சாதித்து, அது போகிற ஊரிலேயே இறங்கி நிற்கிற மனுஷன்.

சரோஜாவுக்கோ ஒரே ஆசை. காலேஜில் காமர்ஸ் லெக்சரர் ஆக வேண்டும்.

போன வாரம்கூட, பக்கத்து வீடுகளில் ப்ளஸ் டூ படிக்கும் பெண்களை உட்காரவைத்துக் கணக்குப் பதிவியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டு அம்மியையும் ஆட்டுக்கல்லையும் விற்று வாங்குகிற மாதிரி அவள் விளக்க விளக்க, பெண்கள் சிரித்து உருண்டார்கள். சிரித்தபடியே பாடமும் புரிந்துபோயிற்று.

யதேச்சையாகத் திரும்பினால், வாசலில் மாமா. செருப்பைக்கூடக் கழற்றாமல் எவ்வளவு நேரமாக நின்றாரோ!

பெண்கள் போனதும் உள்ளே வந்து என்றைக்கும் இல்லாத சத்தம் போட்டார்.

"வாத்தியார் வேலையெல்லாம் ஒரு வேலையா? எம்.பி.ஏ.தான் படிக்கணும்!"

"காலேஜ் வேலைக்கு எம்.காம்.தான் மாமா கேக்கறாங்க. எம்.பி.ஏ. படிச்சா கம்பெனிக்குத்தான் போவணும்."

"போயேன்! எங்கிட்ட இன்னா பேச்சு? வேணும்னா முருகன்கிட்ட பூக்கட்டிக் கேளு. அவன் சொல்லட்டும்!"

அப்படித்தான் இன்றைக்கு இங்கே வந்து நிற்கிறார்கள்.

குருக்கள் இரண்டு வாழையிலைப் பொட்டலங்களையும் தட்டில் வைத்து, முருகன் பாதத்தில் காட்டிவிட்டுக் கொண்டுவந்தார். தரிசனத்துக்கு வந்த யாரோ ஒரு அம்மாளின் இடுப்பில் இருந்த பெண் குழந்தையிடம் நீட்டினார். குழந்தை ஒன்றைப் பிடுங்கி நேராக வாயில் வைக்கப் போனது. குருக்கள் சிரித்துக்கொண்டே வாங்கிப் பிரித்தார்.

வெள்ளரளி.

சரோஜாவுக்கு அழுகையே வந்துவிட்டது. முருகனுக்குக் கும்பிடு போடுவதா, மாமாவிடம் மன்னிப்புக் கேட்பதா என்று தெரியவில்லை. நேர்மையாகப் பூக்கட்டிய மனுஷனைப் போய் இப்படி நினைத்துவிட்டோமே!

ஆனால் கூட வந்திருந்த மாமாவின் மனைவி சின்னப்பொண்ணு அத்தை லேசில் விடுகிற ஆளில்லை. தெருவில் பெருமையடித்ததில் பாதி அவளுடைய பங்கு.

"இதுல என்னமோ கீது. இவதான் இன்னாவோ பண்ணிக்கீறா. இன்னொரு பொட்டலத்தையும் பிரிச்சிக் காட்டச் சொல்லு, செவப்பு கீதான்னு பாக்கறேன்."

"சாமி சந்நிதில இன்னாடி இது? வாய மூடிக்கினு வா," என்றார் மாமா. வழக்கமாக மூலஸ்தானம் அதிரும் குரல், தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது.

"பிரிச்சா இன்னா? சாமிகுத்தமா?"

"நீ ஒண்ணும் சந்தேகப்பட வேணாம் அத்தை. நானே பிரிக்கறேன்."

தட்டிலிருந்த பொட்டலத்தைச் சரோஜா சட்டென்று எடுத்தாள். தொட்டுக்கூடப் பார்க்காதவள் மேல் பழியா? ரோஷத்தோடு முடிச்சை அவிழ்த்து இலையை விலக்கினாள்.

ஒரு கணம் அப்படியே நின்றாள்.

நிமிர்ந்து மாமாவைப் பார்த்தாள். அவர் அவள் பக்கமே திரும்பவில்லை. முருகனையே வெறித்துக்கொண்டிருந்தார். காதோரம் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. வாசலில் செருப்போடு நின்ற மாமா அவள் கண்முன் வந்தார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"செவப்புதான் அத்தை," என்று இலையை மடித்து மூடினாள்.

மாமாவுக்கு மூச்சும் வந்தது, குரலும் வந்தது. எட்டிப் பார்க்க வந்த அத்தைக்குக் குறுக்கே வந்து நின்றார்.

"கேட்டுக்கினியாடி? நான் எம்.பி.ஏ., எம்.பி.ஏ.ன்னு தலையால தண்ணி குடிச்சேன். முருகன் ஒத்துக்கலியே! மேனேஜர் கேட்டா நான் இன்னா பதில் சொல்லுவேன்?" என்று கோயில் முழுக்கக் கேட்கும்படி அலுத்துக்கொண்டே பிரகாரம் சுற்றக் கிளம்பினார்.

சரோஜா பொட்டலத்தைப் பத்திரமாக இடுப்பில் செருகிக்கொண்டு அவர் பின்னால் நடந்தாள். அதற்குள் இருந்ததும் வெள்ளரளிதான்.