தலையைச் சிலுப்பாதே

மாயக்காளின் கொட்டகையில் இரண்டு ஆடுகள் அடுத்தடுத்துக் கட்டிக் கிடந்தன. ஒன்று, சாமிக்கு நேர்ந்துவிட்ட கறுப்புக் கிடா. மற்றது மலையாடு. அந்த இனத்தில் மொத்தமே பதினோரு ஆடுகள்தான் மிச்சம் என்று சொல்லி, கால்நடை டாக்டர் அதன் காதில் மஞ்சள் வில்லை மாட்டியிருந்தார்.

"இப்பல்லாம் என்னை யாரும் அடிக்கிறதில்ல, விக்கிறதும் இல்ல. மலைக்கு மட்டும் விடமாட்டேங்கிறாங்க. ஏன்னே தெரியல" என்றது மலையாடு.

கிடா அதை ஏற இறங்கப் பார்த்தது. "என்னையும் அப்படித்தான் வச்சிருக்காங்க. உன் காதுல அடையாளம் வேற. உன்னையும் நேர்ந்துதான் விட்டிருக்காங்க."

"எந்தச் சாமிக்கு?"

"அது தெரியல. ஆனா ஒண்ணு கேட்டுக்க. மேல தண்ணி தெளிப்பாங்க. சிலுப்பினா சம்மதம்னு அர்த்தம். நான் சிலுப்பவே மாட்டேன்."

மறுநாள் கிடாவைக் கோயிலுக்குக் கூட்டிப் போனார்கள். மாயக்காள் வெறும் கயிற்றோடு திரும்பினாள். "மூணு குடம் ஊத்தின பிறகுதான் உத்தரவு குடுத்துச்சு" என்று பக்கத்து வீட்டில் சொன்னாள்.

அடுத்த வாரம் டாக்டர் வேனில் வந்தார். உண்ணி மருந்தை மலையாட்டின் மேல் அடித்தார். ஆடு பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் நின்றது.

"சரியாப் படல போல" என்று இன்னொரு தடவை அடித்தார்.

மருந்து காதுக்குள் இறங்கியது. தாங்க முடியாமல் ஆடு உடம்பையே சிலுப்பியது.

மாயக்காளின் கைகள் தன்னால் குவிந்தன.

"இனிமே எங்க பண்ணையில பத்திரமா இருக்கும். ஏத்துங்க" என்றார் டாக்டர்.

வேன் கிளம்பியது. பின்பக்கக் கம்பிக்கு வெளியே மலை சின்னதாகிக்கொண்டே போனது. எதற்குச் சம்மதம் சொன்னோம் என்று ஆட்டுக்கு விளங்கவே இல்லை.